அக்காவக் கேளுங்க: சிலைக்கு இடம் முக்கியமா?

போன மாசம் இங்கிலாந்துப் பயணத்தப் பத்தி எழுதினப்ப தோட்டத்துச் சிலைங்களப் பத்தி, அது நிக்கிற இடம்தான் முக்கியம்னு, ஒரே ஒரு பத்திதான் எழுதியிருந்தேன், ஆனா வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதப் பத்தித்தான். அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

அக்கா, மகனோட பட்டமளிப்புக்குப் போனப்ப ஸ்டோவ் தோட்டத்துக்கும் போனோம். குடும்பத்தோட டிக்கெட் எடுத்து, தூறல்ல நடந்து நடந்து பாத்தா, அங்க இருந்த தொண்டூழியர் அம்மா "இதுல நிறைய சிலை காப்பிதான், ஒரிஜினல் இங்க இல்ல"ன்னு சொல்றாங்க. மனசு விட்டுப் போச்சு. காப்பியப் பாக்கவா அவ்ளோ தூரம் போகணும்?
- உட்லண்ட்ஸ் வாசகர்

அண்ணே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது, காசு குடுத்துப் போனவருக்கு அந்த வார்த்தை சுருக்குனுதான் இருக்கும். ஆனா அந்த ஒரிஜினல் ஏன் அங்க இல்லன்னு தெரிஞ்சா, காப்பிய வச்சவங்க மேல உங்களுக்கு மரியாதைதான் வரும்.

ஸ்டோவ் பக்கிங்ஹாம்ஷயர்ல இருக்கு. 18ஆம் நூற்றாண்டுல காபம் பிரபுன்னு ஒருத்தர் அந்தத் தோட்டத்தப் பெருசாக்கினார். அவர் பூச்செடி வச்சு அழகு பாக்கற ஆள் இல்ல, அரசியல்வாதி. 1733ல வரி விஷயத்துல பிரதமர் வால்போலோட முட்டிக்கிட்டு வெளிய வந்தவர், தன் மனசுல இருந்ததயெல்லாம் தோட்டத்துல கல்லாவே கட்டி வச்சார். பழங்கால நற்பண்புக்குன்னு ஒரு முழுக் கோயில், உள்ள ஹோமர், சாக்ரடீஸ் சிலைங்க. கொஞ்ச தூரத்துல இந்தக் கால நற்பண்புக்குன்னு இன்னொண்ணு, அத வேணும்னே இடிஞ்ச மாதிரியே கட்டி, பக்கத்துல தலையில்லாத ஒரு சிலை. அது வால்போல்தான்னு அப்ப பாத்தவங்களுக்குச் சொல்லாமலே புரிஞ்சுது. பழங்கால நற்பண்புக் கோயிலுக்கு எதிர்ல தண்ணிக்கு அந்தப் பக்கம் பிரிட்டன் பெரியவங்க 16 பேரோட மார்பளவுச் சிலை, ரைஸ்பிராக், ஷீமேக்கர்ஸ்னு ரெண்டு பேர் செதுக்கினது, ரெண்டு பேருமே ஆன்ட்வெர்ப்லேர்ந்து பொழைக்க வந்த சிற்பிங்க. ஒரு பக்கம் ஷேக்ஸ்பியர், நியூட்டன் மாதிரி சிந்திச்சவங்க, இன்னொரு பக்கம் ஆட்சி, போர், கடல்பயணம்னு செயல்ல இறங்கினவங்க, அந்தப் 16ல ஒரே ஒரு பொம்பள முதலாம் எலிசபெத் ராணி. அந்த 16 சிலை இருக்கற கட்டடத்தோட முதுகுப்பக்கம் போய்ப் பாத்தீங்களா? அங்க ஃபீடோங்கற ஒருத்தர ஒரு கல்வெட்டு புகழ்ந்துகிட்டே போகும், நல்ல குடும்பத்துல பொறந்த இத்தாலியர், உண்மையானவர்னு, கடைசி வரியிலதான் அது மனுஷன் இல்ல, வீட்டு நாய்னு தெரியும். நான் அத முழுசா வாசிச்சுட்டு அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

அதாவது அந்தத் தோட்டம் நடந்து நடந்து படிக்க வேண்டிய ஒரு புத்தகம். எந்தச் சிலை எதப் பாக்குது, எதுக்கு முதுகக் காட்டுதுங்கறதுலதான் அர்த்தம்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்த வம்சத்துல வந்த ஒரு டியூக் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல கடன் வாங்கி மூழ்கிட்டார். 1848ல வீட்டுச் சாமான ஏலம் விட்டாங்க, 40 நாள் நடந்துச்சு அந்த ஏலம். 1921ல மறுபடியும் ஏலம். புத்தகத்தக் கிழிச்சு ஆளுக்கொரு பக்கமா எடுத்துட்டுப் போன கதைதான். 1923லேர்ந்து அந்த மாளிகை ஒரு பள்ளிக்கூடம், தோட்டம் 1989ல பழைய மாளிகை, தோட்டங்களப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட் அமைப்போட கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க பழைய படம், பழைய பட்டியல் எல்லாம் தேடி, சிலை எங்கெங்க போச்சுன்னு கண்டுபிடிச்சு, வாங்க முடியாதத அச்செடுத்து நகல் பண்ணி, பழைய இடத்துலயே வச்சுக்கிட்டு வர்றாங்க.

நீங்க பாத்ததுல ஏழு சிலை வட்டமா நிக்குமே, அதயே எடுத்துக்குங்க. ஆங்கிலத்துல கிழமைப் பேருக்குக் காரணமான ஏழு சாக்சன் தெய்வம் அது, ரைஸ்பிராக் போர்ட்லண்ட்ங்கற சுண்ணாம்புக்கல்லுல செதுக்கினது, பீடத்துல பழைய ரூன் எழுத்துல பேர் வெட்டியிருக்கும். சன்னா ஞாயிறு, மோனா திங்கள், டியூ செவ்வாய், வோடன் புதன், தூனர் வியாழன், ஃப்ரிகா வெள்ளி, சீட்டர்ன் சனி. நம்ம செவ்வாயும் போர்க்கிரகம், அவங்க டியூவும் போர்த்தெய்வம்! அதுல சன்னாவும் தூனரும் இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, போய்ப் பக்கத்துல பாக்கலாம், உளி வேலை அபாரம். ஆனா மியூசியத்துல தனித்தனியா நிக்கறப்ப அது நல்ல சிற்பம், அவ்வளவுதான். மரங்களுக்கு நடுவுல ஏழும் வட்டமா நிக்கறப்பதான் அது வாரம். நவக்கிரகத்துலேர்ந்து சனீஸ்வரன மட்டும் பேர்த்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வச்சா, அது சிலையாத்தான் இருக்கும், ஆனா சுத்தி வர்றதுக்கு அங்க என்ன இருக்கு?

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. நம்ம சிங்கப்பூர் ஆத்தோரத்துல வெள்ளையா நிக்கிற, 1819ல இங்க வந்திறங்கின ஆங்கிலேயர் ராஃபிள்ஸோட சிலைக்கு முன்னாடி ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்களயெல்லாம் நிக்க வச்சு போட்டோ எடுக்கறோம். அது 1972ல வச்ச நகல். 1887ல தாமஸ் வூல்னர் செஞ்ச கறுத்த வெண்கல மூலச் சிலை கொஞ்சம் தள்ளி விக்டோரியா தியேட்டர் முன்னாடி நிக்குது, அதுவும் முதல்ல பாடாங் மைதானத்துல இருந்து 1919ல இடம் மாறி வந்ததுதான். ஆனா எந்த இடத்துல கரையேறினார்னு சொல்ற வேலைய அந்த நகல்தான் செய்யுது.

நான் ஒரு தடவ கும்பாபிஷேகத்துக்கு முந்தின திருப்பணி நடக்கறப்ப சாரம் கட்டின கோபுரத்த மேல ஏறிப் பக்கத்துல பாத்திருக்கேன். தமிழ்நாட்டுலேர்ந்து வந்த ஸ்தபதி ஒருத்தர் ஒரு துவாரபாலகருக்கு ஒடஞ்ச சுண்டுவிரல் வச்சுக்கிட்டு இருந்தார். சின்னக் கம்பிய நட்டு, சுதையத் தடவி, கட்டைவிரலால நீவி, மத்த விரலப் பாத்துப் பாத்து வளைவு குடுக்கறார். "இந்த விரல் பழசா புதுசா"ன்னு கேட்டேன். "நிக்கிற சாமி பழசும்மா, விரல் மட்டும் இன்னைக்கு வந்தது"ன்னார். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827லேர்ந்து அங்க இருக்கு, 2023ல கூட கும்பாபிஷேகம் ஆச்சு, அந்தக் கோபுரத்துல எந்தக் கை எந்த வருஷத்துதுன்னு யாரும் கேட்டுட்டுக் கும்பிடறதில்ல. ஸ்டோவ்ல நீங்க பாத்ததும் திருப்பணிதாண்ணே. ஏமாத்து வேலையா இருந்தா அந்த அம்மா அதச் சொல்லியிருக்கவே மாட்டாங்க.

அக்கா, அவங்க கிறிஸ்தவங்கதானே? அப்புறம் ஏன் தோட்டம் முழுக்க ரோமானியச் சாமி, அதுவும் துணியில்லாம?
- உயர்நிலை 3 மாணவி, தெம்பனிஸ்

நல்ல கேள்விம்மா. அந்தக் காலத்துல பணக்கார வீட்டுப் பையன் படிப்ப முடிச்சா, ஒண்ணு ரெண்டு வருஷம் பிரான்ஸ், இத்தாலின்னு சுத்திட்டு வரணும், அத 'கிராண்ட் டூர்'னு சொல்வாங்க. ரோம்ல பழைய சிலைங்களப் பாத்து மயங்கி, ஊருக்கு வந்ததும் அதே மாதிரி தன் தோட்டத்துலயும் வேணும்னு ஆசப்படுவாங்க. கும்பிடறதுக்கு இல்ல, நான் படிச்சவன், லத்தீன் கவிதை தெரிஞ்சவன்னு காட்டறதுக்கு. அதனால எங்க போனாலும் அதே பத்துப் பதினஞ்சு உருவம்தான் திரும்பத் திரும்ப வரும், அப்போலோ, வீனஸ், ஃப்ளோரா, ஹெர்குலிஸ், சாகற நிலையில இருக்கற போர்வீரன். பெரும்பாலும் ரோம்லயும் ஃபிளாரன்ஸ்லயும் இருந்த பேர்போன சிலைங்களோட நகல், உட்லண்ட்ஸ் அண்ணனும் இதக் கவனிக்கணும், மொதல்லேர்ந்தே அது நகலுங்க நிக்கிற தோட்டம்தான்!

ஆனா எல்லாமே நகல்னும் சொல்லிட முடியாது. வில்ட்ஷயர்ல ஸ்டவர்ஹெட்னு ஒரு தோட்டம், ஹோர்ங்கற பேங்க் குடும்பம் ஏரியச் சுத்தி நடக்கற மாதிரி அமைச்சது. அங்க வட்டமான ஒரு கோயிலுக்குள்ள ரைஸ்பிராக் 1756ல முடிச்ச பளிங்கு ஹெர்குலிஸ் நிக்குது. அதுக்காக அவர் குத்துச்சண்டை வீரங்க உட்பட உடம்பு நல்லா இருக்கற பல பேரப் பாத்துப் பாத்து, ஒருத்தர்ட்ட கை, ஒருத்தர்ட்ட நெஞ்சுன்னு எடுத்துச் சேத்தார். அதே ஏரிக்கரையில ஒரு குகை, படியிறங்கிப் போனா தூங்கற ஒரு நீர்மகளும் ஒரு நதித்தெய்வமும், காலடியில ஊத்துத் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். வெயில்லேர்ந்து இருட்டுக்குள்ள போனதும் மொதல்ல காது கேக்கும், அப்புறம்தான் கண்ணு தெரியும். சாமி எதுன்னே தெரியாம போனாலும் அங்க குரல் தன்னால தாழ்ந்துடும். துணி இல்லாதது ஒரு பொருட்டாவே தெரியாது.

அந்தச் சிலைங்கல்லாம் பளிங்கா, இல்ல சிமெண்டா? ஒரு தோட்டத்துல தட்டிப் பாத்தேன், டொக்குன்னு சத்தம் வந்துச்சு.
- சுவா சூ காங் வாசகர்

முதல்ல, தட்டாதீங்க ஐயா, தயவுசெஞ்சு. நீங்க தட்டினது அனேகமா ஈயமா இருக்கும். இது பல பேருக்குத் தெரியாது, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தோட்டத்துல ஈயச்சிலைதான் ஏகப்பட்டது. காரணம் எளிசு. பளிங்குக்கு இத்தாலிலேர்ந்து கப்பல், வெண்கலத்துக்குப் பெரிய உலை, ஈயமோ 327 டிகிரிலயே உருகிடும், ஊர்லயே கிடைக்கும், ஒரு அச்சு இருந்தா திரும்பத் திரும்ப வார்க்கலாம். ஜான் வான் நோஸ்ட்ங்கறவர்தான் இதுல பெரிய கை, டெர்பிஷயர்ல மெல்போர்ன் ஹால் தோட்டத்துல அவர் வார்த்தது இன்னும் நிக்குது. பின்னாடி ஜான் சீயர்னு ஒருத்தர், லண்டன்ல நீங்க பிக்கடிலி லைன் ரயில்ல இறங்கற ஹைட் பார்க் கார்னர்லதான் அவரோட பட்டறை. நான் மேல சொன்ன குகைச் சிலைங்களும் அவர் வார்த்த ஈயம்தான்.

அதவிட முக்கியம், அத ஈயமா வெறுமனே விட மாட்டாங்க. கல்லு மாதிரி தெரியறதுக்கு வெள்ளப் பெயின்ட் அடிப்பாங்க, ஈரம் காயறதுக்குள்ள மணலயும் தூவுவாங்க. ஆடு மேய்க்கறவன், வைக்கோல் அள்ளுற பொண்ணு, இப்படிப்பட்ட உருவத்துக்குச் சட்டைக்கு ஒரு கலர், கன்னத்துக்கு ஒரு கலர்னு உயிரோட இருக்கற மாதிரியே அடிப்பாங்க, நம்ம கோபுரத்துப் பொம்மைங்க மாதிரி. கலர் அடிச்ச சிலைய மட்டமா நினைக்கறவங்களுக்கு இத நான் எப்பவும் சொல்றது உண்டு.

ஈயத்துக்கு ஒரு வியாதி இருக்கு, அது மெத்து. தன் எடையத் தானே தாங்காம வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா உக்காந்துடும். அதனால உள்ள இரும்புக் கம்பி வைப்பாங்க, அந்தக் கம்பி துருப்பிடிச்சு ஊதி, ஈயத்தயே கிழிச்சுடும். கணுக்கால்லதான் முதல்ல தெரியும். நான் பாத்த ஒரு சிலையில தூரத்துலேர்ந்து ஒரு குறையும் தெரியல, கிட்டப்போய்க் குனிஞ்சு பாத்தா கணுக்காலுக்கு மேல மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதுலேர்ந்து செம்மண் கலர்ல ஒரு கோடு குதிகால் வரைக்கும் ஒழுகியிருக்கு, முட்டி ஒரு பக்கமா லேசா மடங்கியிருக்கு. வயசான ஆள் முட்டிவலியோட நிக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. இத சரி பண்ணணும்னா சிலையத் திறந்து பழைய இரும்ப எடுத்துட்டு துருப்பிடிக்காத எஃகு வைக்கணும், மாசக்கணக்குல வேலை.

2020ல ஒரு பழைய மாளிகைலேர்ந்து கறுப்பின மனுஷர் சிலைய எடுத்துட்டாங்களே, வரலாற அழிக்கறது சரியா? நீங்கதான் இடம் முக்கியம்னு போன மாசம் எழுதினீங்க.
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

நீங்க சொல்றது மான்செஸ்டர் பக்கத்துல டன்ஹம் மேசி மாளிகை. 1735 வாக்குல செஞ்ச ஈயச்சிலை, ஒரு ஆப்பிரிக்க மனுஷர் இடுப்புல இலை ஆடையோட மண்டி போட்டு, தலைக்கு மேல சூரியக் கடிகாரத்தத் தாங்கிக்கிட்டு இருப்பார், மாளிகை வாசலுக்கு நேர் எதிர்ல. 2020 ஜூன்ல நேஷனல் டிரஸ்ட் அத எடுத்துட்டாங்க.

இடம் முக்கியம்னு சொன்னது நான்தான், இப்பவும் அதத்தான் சொல்றேன். இடம் பேசுறதாலதான் அது அங்க இருக்கக் கூடாது. உள்ள வர்ற ஒவ்வொருத்தரயும் வரவேற்கற இடத்துல ஒரு மனுஷன மண்டி போட வச்சா, இந்த வீடு யார் முதுகு மேல நிக்குதுன்னு பெருமையா சொல்ற மாதிரி ஆகுது. அத அழிக்கக் கூடாது, உருக்கக் கூடாது, உள்ள ஒரு அறையில வச்சு அது எந்தக் காலத்துச் சிந்தனை, அந்தக் காலத்து அடிமை வியாபாரம் என்னன்னு விளக்கி வைக்கணும், அப்ப அது பாடம். வாசல்ல இருக்கறப்ப அது அலங்காரம். அடிமை வியாபாரத்தோடயோ காலனியாதிக்கத்தோடயோ தொடர்புள்ளதா 93 இடத்த அதே வருஷம் செப்டம்பர்ல நேஷனல் டிரஸ்டே ஒரு அறிக்கையில சொல்லிச்சு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசும் அதுல வருது. நம்ம தாத்தா பாட்டன் காலத்துக் கணக்கும் அந்தப் புல்வெளிக்கு அடியில இருக்குங்கறத மறந்துட்டு என்னால அந்த அழகப் பாக்க முடியல.

எடுக்கறது மட்டும்தான் வழியும் இல்ல. 2019 ஜனவரில நம்ம ஆத்தோரத்துல என்ன பண்ணாங்கன்னு ஞாபகம் இருக்கா? அந்த வெள்ள ராஃபிள்ஸ் மேல பின்னாடி இருக்கற கட்டடம் தெரியற மாதிரியே பெயின்ட் அடிச்சு ஆளயே காணாம பண்ணாங்க, அப்புறம் பெயின்ட எடுத்துட்டு, அவர் பக்கத்துல நாலு பேர் சிலைய வச்சாங்க, பழங்கால இளவரசர் சாங் நீல உத்தமா, வணிகர் டான் டோக் செங், எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, நம்ம நாராயண பிள்ளை. மாரியம்மன் கோயிலுக்கு வழி பண்ணின மனுஷர், 1819ல பினாங்லேர்ந்து ராஃபிள்ஸோட வந்தவர். கொஞ்ச நாளைக்குத்தான் இருந்துச்சு. நான் எங்க அம்மாவச் சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், அம்மா ராஃபிள்ஸப் பாக்கவே இல்ல, நேரா பிள்ளைவாள் கால்கிட்ட போய் நின்னாங்க. பக்கத்துல யார வைக்கறோங்கறதும் ஒரு பதில்தான் ஐயா.

எங்க வீட்டுத் தோட்டத்துல சின்னதா ஒரு பளிங்குச் சரஸ்வதி சிலை, ஜெய்ப்பூர்லேர்ந்து வாங்கினது. மழையில கறுப்பு படிஞ்சு போச்சு. மாமியார் புளி போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க, வீட்டுக்காரர் வாட்டர் ஜெட் அடிக்கலாங்கறார்.
- செராங்கூன் கார்டன் வாசகி

ரெண்டும் வேணாம்மா! புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே வகை, புளிப்பு எது பட்டாலும் கரையும், புளி, எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் கழுவற ஆசிட் எல்லாம் ஒண்ணுதான். ஒரு தடவ பளபளன்னு வந்த மாதிரி இருக்கும், ஆனா மேல் தோல் போயிருக்கும், அந்தச் சொரசொரப்புல அடுத்த மழைக்கு இன்னும் வேகமா பாசி பிடிக்கும். ஜெட் அடிச்சா வீணை தந்தி, விரல் நுனி மாதிரி மெல்லிசான இடமெல்லாம் செதில் செதிலா போயிடும். இங்கிலாந்துல பழைய சிலைய இப்ப மெதுவான பிரஷ், வெறும் தண்ணி, நிறையப் பொறுமை, இத வச்சுத்தான் மொதல்ல ஆரம்பிக்கறாங்க, கல்லு மேல பூத்த பாசிப் பூஞ்சையக் கூட தொந்தரவு இல்லன்னா அப்படியே விட்டுடறாங்க.

நீங்க நைலான் பிரஷ் ஒண்ணு எடுத்து, தண்ணி ஊத்தி ஊத்தி மெல்லத் தேயுங்க, ஒரே நாள்ல முடிக்க நினைக்காதீங்க. மேல மரக்கிளை சொட்டுற மாதிரி இருந்தா வெட்டிவிடுங்க, மண்ணுல நேரா வைக்காம ஒரு பீடம் போட்டுத் தூக்கி வைங்க, அடிலேர்ந்து ஈரம் ஏறறது நிக்கும். அப்புறம் மடியிலயும் பீடத்துக் குழியிலயும் தண்ணி தேங்குதான்னு தெனமும் பாருங்க, நம்ம ஊர்ல ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கையளவு தண்ணி போதும். முடிஞ்சா தாழ்வாரத்துக்குள்ள கொண்டு வந்துடுங்க, சரஸ்வதி நனைய வேண்டாம்.

டிசம்பர் லீவுக்குப் போறோம். குளிர்ல சிலையெல்லாம் மூடி வச்சிருப்பாங்கன்னு சொல்றாங்களே, போறது வேஸ்ட்டா?
- பொங்கோல் வாசகர்

ஆமா, நிறைய இடத்துல பளிங்குச் சிலைக்கு உறை போட்டுடுவாங்க. கல்லுல கண்ணுக்குத் தெரியாத துளைக்குள்ள தண்ணி போயிருக்கும், அது உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும், உள்ளேர்ந்து ஆப்பு அடிச்ச மாதிரி பிளந்துடும். பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்ட மாட்டாங்க, காத்து போய் வர்ற துணியிலதான் தச்சுப் போடுவாங்க. வசந்தம் வந்ததும் கழட்டுவாங்க. அதனால டிசம்பர்ல மூட்டை மூட்டையா நிக்கறதத்தான் பாப்பீங்க, பிள்ளைங்களுக்கு அதுவே பிடிக்கலாம்.

அதுக்குப் பதிலா லண்டன்லயே ஒண்ணு சொல்றேன், டிக்கெட் வேணாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல பிக் பென்னுக்கு எதிர்க்கரைக்குப் போங்க, பாலம் முடியற இடத்துல ஒரு பெரிய சிங்கம் நிக்கும், 1837ல செஞ்சது. பாக்கக் கல்லு மாதிரியே இருக்கும், ஆனா அது சுட்ட களிமண். அது வந்த பட்டறைய எலினார் கோட்ங்கற அம்மா 1769லேர்ந்து லண்டன் லாம்பெத்துல நடத்தினாங்க, பொம்பளைங்க பேர்ல தொழில் அபூர்வமா இருந்த காலத்துல. ஏற்கனவே சுட்ட மண்ணுப் பொடி, மணல், கண்ணாடித் தூள் எல்லாம் களிமண்ணோட சேத்துப் பிசைஞ்சு, அச்சுல அமுக்கி, 1100 டிகிரிக்கு மேல நாலு நாள் சுடுவாங்க. சூளையில சுருங்கும்னு தெரிஞ்சு அச்சயே கொஞ்சம் பெருசா செய்வாங்க. நாடு முழுக்க பண்ணைவீட்டுத் தோட்டத்துல சிங்கம், ஜாடி, தேவதைன்னு அவங்க பட்டறைச் சரக்கு போய் நின்னுச்சு. பட்டறை மூடியே போச்சு, பொருள் இன்னும் நிக்குது, பனியும் மழையும் லண்டன் கரிப்புகையும் அத ஒண்ணும் பண்ணல. பிள்ளையத் தோள்ல தூக்கி அந்தச் சிங்கத்தோட பிடரிமயிரக் காட்டுங்க, சுருள் சுருளா, நேத்துதான் அச்சுலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கும்.